கேம் கிளாக் தப்பாப் போச்சுன்னா நடுவர் எதை வச்சுத் திருத்தணும்?

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மே மாசக் கடைசியில, மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடி, திருவாரூர்ப் பக்கம் நாலு நாள் கூடைப்பந்துப் போட்டி நடத்தறோம். சிமெண்டுத் தரை, ஃப்ளட் லைட், கேம் கிளாக்குக்கு ஒரே ஒரு எல்இடி போர்டு. ஷாட் கிளாக் (24 வினாடிக்குள்ள ஷாட் போடணும்ங்கறதைக் காட்டற கடிகாரம்) ரெண்டு போஸ்ட்லயும் இருக்கு. வீடியோ ரீப்ளே கிடையாது. டேபிள்ல உக்காரப் போறது எல்லாம் கல்லூரிப் பசங்க. ரெண்டு நடுவர் முறைதான்.

நேரத் தப்பு வந்தா நடுவர் என்ன பண்ணணும்னு தெளிவா எழுதி டேபிள்ல ஒட்டலாம்னு இருக்கோம். ஒரு நிலைமையைச் சொல்றேன். நாலாவது குவார்ட்டர். ஏ அணி 61, பி அணி 62. மீதி 5.6 வினாடி. ஏ அணிக்கு முன்பாதியில (அவங்க கூடை போடற பக்கத்துப் பாதிக் களம்) சைடு த்ரோ-இன், அதாவது வெளியிலேர்ந்து பந்தை உள்ள எறியறது. பந்து உள்ள வந்தாச்சு, ட்ரிபிள் பண்ணி, பாஸ் குடுத்து, ஷாட் போட்டு, கூடையும் விழுந்தாச்சு. நிமிந்து பாத்தா போர்டு 5.6லயே நிக்குது. டைமர் (கேம் கிளாக்கை இயக்கறவர்) பட்டனே தட்டல. இப்போ கூடை செல்லுமா? பி அணிக்கு எவ்வளவு நேரம்? இல்ல, அந்த 5.6 வினாடியைத் திரும்ப ஆடச் சொல்லலாமா?

மன்னை விசில்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். திரும்ப ஆடறதுங்கறது விதியிலேயே இல்ல. கடிகாரம் நின்னுச்சே தவிர ஆட்டம் நிக்கல. நடந்தது நடந்ததுதான். எவ்வளவு நேரம் கரைஞ்சுதுங்கறதை மட்டும்தான் நடுவர்கள் சரி பண்ணணும்.

நம்ம ஊர்ல எல்லாப் போட்டியும் ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படிதான். அதுல நேரக் கணக்குத் தப்பு, அதாவது கூடுதலா ஓடின நேரமோ ஓடாம விட்ட நேரமோ, க்ரூ சீஃப் (தலைமை நடுவர்) ஸ்கோர்ஷீட்டுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் திருத்தலாம். ஃப்ரீ த்ரோவைத் தப்பா குடுத்தது, தப்பான ஆள் போட்டது மாதிரி சமாச்சாரத்துக்கு இருக்கற சின்ன காலக்கெடு இதுக்குக் கிடையாது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறவங்க நிறைய. "அடுத்த டெட் பால் (பந்து ஆட்டத்துல இல்லாத நேரம்) தாண்டிடுச்சு, இனிமே தொட முடியாது"ன்னு நேரத் தப்புக்குச் சொன்னா அது தவறு.

இப்போ உங்க நிலைமை. த்ரோ-இன்ல கடிகாரம் ஓடத் தொடங்கறது பந்தைக் களத்துக்குள்ள இருக்கற ஆட்டக்காரர் தொடும்போது. எறியறவர் கையை விட்டுப் போகும்போது இல்ல. அதனால எண்ணிக்கை அந்தத் தொடுதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கடைசி நிமிஷத்துல ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் ரெண்டு நடுவரும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே ஓடணும். எண்ணிக்கை இருந்தா மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

கூடை விழும்போது நடுவர் எண்ணிக்கை நாலுன்னா, 5.6ல நாலு போக 1.6. கூடை செல்லும், 63-62. நாலாவது குவார்ட்டர்ல 2:00 அல்லது அதுக்குக் கீழ இருக்கும்போது கூடை விழுந்தா கடிகாரம் நிக்கணும். அதனால 1.6ல நிறுத்தி பி அணிக்கு எண்ட்லைன்லேர்ந்து (கூடைக்குப் பின்னாடி இருக்கற கோடு) த்ரோ-இன். பி அணி டைம் அவுட் கேட்டா குடுக்கணும். டைம் அவுட்டுக்கு அப்புறம் த்ரோ-இன்னை முன்பாதி த்ரோ-இன் கோட்டுலேர்ந்து போடணுமா, பின்பாதியிலேர்ந்தான்னு அவங்க கோச் முடிவு பண்ணலாம்.

ஷாட் கையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே எண்ணிக்கை ஆறு தாண்டிடுச்சுன்னா அப்பவே ஆட்டம் முடிஞ்சு போச்சு. கூடை செல்லாது. 62-61, பி அணி ஜெயிச்சுது. இதைச் சொல்ல நடுவருக்குத் தைரியம் வேணும். எண்ணிக்கை இல்லாத நடுவருக்கு அந்தத் தைரியம் வராது.

ரெண்டு பேர்கிட்டயும் எண்ணிக்கை இல்லைன்னா? டைமர், ஸ்கோரர், ஷாட் கிளாக் ஆபரேட்டர், போட்டியை மேற்பார்வை பாக்கற கமிஷனர் இருந்தா அவரையும் சேத்துக் கேக்கணும். ஒவ்வொருத்தரையும் "நீ என்ன பாத்த?"ன்னு தனித்தனியா. "அஞ்சு இருக்குமா?"ன்னு கேக்கக் கூடாது, ஆமான்னுதான் பதில் வரும். எத்தனை பவுன்ஸ், எத்தனை பாஸ், ஷாட் எங்கேர்ந்துன்னு வரிசையா ஓட்டிப் பாத்து க்ரூ சீஃப் ஒரு எண்ணைச் சொல்லணும். அவர் முடிவுதான் இறுதி. ஆனா ரெண்டு கோச்சையும் கூப்பிட்டு, எதை வச்சு அந்த எண் வந்ததுன்னு ஒரே வரியில சொல்லிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்க. காரணம் சொல்லாத திருத்தம்தான் சண்டையில முடியுது.

இன்னொன்னு. கடிகாரம் ஓடலைன்னு பாதியிலேயே நடுவர் கண்ணுல பட்டா உடனே விசில் அடிக்கணுமான்னு கேப்பாங்க. முதல் மூணு குவார்ட்டர்ல, யாரும் கூடையை நோக்கிப் போகாத நேரமாப் பாத்து அடிச்சு நிறுத்திடுங்க. பந்து யார்கிட்ட இருந்ததோ அவங்களுக்கே பக்கத்து இடத்துல த்ரோ-இன். எதிரணிக்குப் பாதகம் வரும்னா ஷாட் கிளாக்கை நின்ன இடத்துலேர்ந்தே தொடரணும். ஆனா கடைசி வினாடிகள்ல ஒருத்தன் டிஃபெண்டரைத் தாண்டிட்டான், கூடை திறந்து கெடக்குன்னா, டைமர் பண்ணின தப்புக்கு அவனை நிறுத்தறது நியாயம் இல்ல. எண்ணிக்கையை வச்சிக்கிட்டு ஆட விடுங்க. டெட் பால் வந்ததும் திருத்துங்க. இது என்னோட கருத்து.

குடந்தை டேபிள்:
விசில் அண்ணன் நடுவர் பக்கத்தைச் சொல்லிட்டார். தப்பு பொறக்கறது டேபிள்லதான். அதைக் குறைக்கறதைப் பத்தி எழுதறேன், ஏன்னா கல்லூரிப் பசங்க உக்காரப் போறாங்கன்னு சொல்லியிருக்கீங்க.

புது டைமர் பண்ற தப்பு திரும்பத் திரும்ப இதுங்கதான். ஃப்ரீ த்ரோவுல, கடைசி த்ரோ ரிங்குல பட்டுத் தெறிச்ச உடனே பட்டனைத் தட்டிடுவாங்க. ரிங்குல படறது கணக்கில்ல, ஒரு ஆட்டக்காரர் பந்தைத் தொடணும். ஜம்ப் பால்ல நடுவர் தூக்கிப் போடும்போதே தட்டுவாங்க. குதிக்கிறவர் விதிப்படி தட்டும்போதுதான் ஓடணும். அடுத்தது, முதல் மூணு குவார்ட்டர்லயும் கூடை விழுந்த உடனே நிறுத்திடுவாங்க. அங்க ஓடிக்கிட்டேதான் இருக்கணும். கடைசி 2:00க்குள்ள வந்தப்புறம் நிறுத்த மறப்பாங்க. இந்தக் கடைசி ரெண்டும்தான் சத்தமே இல்லாம ஆட்டத்தைக் கெடுக்கும், யாருமே கவனிக்க மாட்டாங்க. அதனால போர்டு 2:10க்கு வரும்போது ஸ்கோரர் வாய்விட்டு "ரெண்டு நிமிஷம், இனிமே கூடைக்கு ஸ்டாப்"னு டைமர்கிட்ட சொல்லணும். ஓவர்டைமுக்கும் இதே கதைதான்.

டைமர் கண்ணு எங்க இருக்கணும்? த்ரோ-இன்ல பந்து குடுக்கற நடுவர் ஒரு கையை உயர்த்தி வச்சிருப்பார், தொட்ட உடனே வெட்டுற மாதிரி இறக்குவார். அந்தக் கையும் பந்தும் ஒரே பார்வையில விழணும். ஸ்கோர் என்ன, ஃபவுல் எத்தனைன்னு பாக்கறது அவர் வேலை இல்ல. விரல் பட்டன் மேலேயே இருக்கணும். போன் மேசைக்கு வரவே கூடாது.

உங்க போர்டு ஒண்ணுதான்னா எண்ட்லைனுக்குப் பின்னாடி வைக்காதீங்க. அப்படி வச்சா எப்பவும் ஒரு நடுவருக்கு முதுகுப் பக்கம் போயிடும். டேபிளுக்கு நேர் எதிர்ல, சைடுலைனுக்கு அப்பால, நடுக்கோட்டுக்கு நேரா வைங்க. டேபிளுக்கும் தெரியும், ரெண்டு பெஞ்சுக்கும் தெரியும், நடுவர் லேசா தலையைத் திருப்பினாப் போதும்.

கரண்டு விஷயம் ரொம்ப முக்கியம். லைன் போய் ஜெனரேட்டர் எடுக்கற அந்தச் சில வினாடியில நிறைய போர்டுகளோட கன்ட்ரோலர் எல்லாத்தையும் மறந்து 10:00க்குப் போயிடும். கன்ட்ரோலருக்கும் போர்டுக்கும் தனியா ஒரு யுபிஎஸ் போடுங்க, விளக்குக்குப் போற லைன்ல சேக்காதீங்க. அதோட ரெண்டு ஸ்டாப்வாட்ச். ஒண்ணு டைம் அவுட்டுக்கு. டைம் அவுட் ஒரு நிமிஷம், 50 வினாடியில ஒரு சத்தம், 60ல ஒரு சத்தம். இன்னொண்ணு கேம் கிளாக்குக்குத் துணையா, அசிஸ்டெண்ட் ஸ்கோரர் கையில. கடைசி 5 நிமிஷமாவது போர்டோட சேந்து ஓட விட்டு சேந்து நிறுத்தணும். ஒவ்வொரு விசிலுக்கும் போர்டுல என்ன எண் இருந்ததுன்னு ஒரு தாள்ல கிறுக்கிக்கிட்டே வரணும். விளக்கு அணைஞ்சா அந்தத் தாள்தான் சாட்சி.

ஒயர்லெஸ் ரிமோட்னா ஒவ்வொரு நாளும் புது பேட்டரி. நாகை, காரைக்கால் பக்கத்துலேர்ந்து வாடகைக்கு போர்டு எடுத்தா கனெக்டர் பின்னைப் பாத்து வாங்குங்க, உப்புக் காத்துல பச்சை பிடிச்சிருக்கும். பாதி ஆட்டத்துல தொடர்பு விட்டுப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஹார்னையும் பாத்துக்கோங்க. பக்கத்துக் கோயில்ல கொடியேறியிருந்தா மைக் செட் சத்தத்துல ஹார்ன் கேக்காது. கேம் கிளாக் ஹார்னும் ஷாட் கிளாக் ஹார்னும் ஒரே சத்தமா இருக்கக் கூடாது, அது விதி. ஹார்ன் அடிக்கலைன்னாலோ கேக்கலைன்னாலோ, டைமர் எந்த வழியிலயாவது நடுவருக்கு உடனே தெரியப்படுத்தணும். கை வீசலாம், கத்தலாம், களத்துக்குள்ள ஓடலாம். பள்ளிக்கூடத்துல தொங்கற தண்டவாள மணி மாதிரி ஒண்ணை மேசை பக்கத்துல கட்டி வைங்க. கூடைக்குப் பின்னாடி இருக்கற பலகையைச் சுத்தி சிவப்பு விளக்கு இருந்தா ஹார்னை விட விளக்குக்குத்தான் மதிப்பு. உங்ககிட்ட அது இருக்காது, அதனால ஹார்ன்தான் எல்லாம்.

வெண்ணாற்றங்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. போர்டு இடத்தை மாத்திடறோம். நடுவர்கிட்ட எண்ணிக்கை இல்ல, டைமர் தாளும் எழுதல, ஆனா ஷாட் கிளாக் ஒழுங்கா ஓடியிருக்குன்னா அதை வச்சு கேம் கிளாக்கைக் கண்டுபிடிக்கலாமா? அப்புறம் பெற்றோர் யாராவது போன்ல எடுத்த வீடியோவைக் காட்டினா?

தஞ்சை 24:
ஷாட் கிளாக்தான் ரொம்ப நம்பகமான ரெண்டாவது சாட்சி. அதை வேற ஆள் இயக்கறார், அதனால டைமர் தப்பு அதுல ஒட்டாது. ரெண்டாவது குவார்ட்டர்ல 6:42ல த்ரோ-இன், ஷாட் கிளாக் 24. கேம் கிளாக் ஓடல. பந்து வெளியே போய் விசில் அடிச்சப்போ ஷாட் கிளாக் 9. அப்போ 15 வினாடி போயிருக்கு. 6:27ன்னு வைக்கலாம், யாரும் மறுக்க முடியாது.

நடுவுல ஷாட் போட்டு ரிங்குல பட்டு அதே அணி ரீபவுண்டு எடுத்திருந்தா கொஞ்சம் கவனம். பந்து காத்துல போகும்போது ஷாட் கிளாக் ஓடும். ரிங்குல பட்டதும் நின்னு, தாக்குற அணி பந்தைப் பிடிச்சதும் 14லேர்ந்து ஓடும். 24லேர்ந்து 10 வரைக்கும் 14 வினாடி, அப்புறம் 14லேர்ந்து 6 வரைக்கும் 8. மொத்தம் 22. ரிங்குல பட்டதுக்கும் பிடிச்சதுக்கும் நடுவுல போன நேரம் இந்தக் கணக்குல வராது. ஒரே துள்ளல்ல பிடிச்சிருந்தா ஒரு வினாடி சேக்கலாம், நாலு கை தட்டி உருண்டிருந்தா கூட. அதை நடுவர்தான் சொல்லணும்.

ஷாட் கிளாக் தப்பா ரீசெட் ஆயிடுச்சுன்னா இதையே திருப்பிப் போடுங்க. பந்து கைக்கு வந்தது 5:40ல, ஷாட் ரிங்கைத் தொடல, அதே அணிதான் எடுத்துச்சு, ஆனா ஆபரேட்டர் 14 போட்டுட்டார். விசில் 5:21ல. 19 வினாடி போயாச்சு, மீதி 5. ஷாட் கிளாக் ஹார்ன் தப்பா அடிச்சிருந்தா அதைக் கண்டுக்காம ஆட்டம் தொடரணும். எதிரணி நின்னு போய் அதனால பாதகம்னு நடுவர் நினைச்சா மட்டும் நிறுத்தி, சரி பண்ணி, பந்து யார்கிட்ட இருந்ததோ அவங்களுக்கே குடுக்கணும்.

சீக்கிரமா ஓட விட்ட தப்புக்கும் சாட்சி இருக்கு, நடுவரோட த்ரோ-இன் எண்ணிக்கை. 8.4ல பந்தை எறியறவர் கையில குடுக்கறார், டைமர் உடனே தட்டிட்டார். நடுவர் மூணு எண்ணினப்புறம் பந்து உள்ள வந்துச்சு. விசில் அடிக்கும்போது போர்டு 2.9. மூணைத் திருப்பிக் குடுத்தா 5.9. அஞ்சு வினாடி த்ரோ-இன் எண்ணிக்கையைக் கையை வீசி வெளிப்படையா காட்டணும்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு பலன்.

விசிலுக்கு அப்புறமும் ஓடின கடிகாரத்துக்கு சுலபமான வழி, விசில் அடிச்ச உடனே போர்டைப் பாக்கற பழக்கம். 1:14ல விசில், டைமர் கவனிச்சு நிறுத்தும்போது 1:09. பாத்த நடுவர் 1:14ன்னு சொன்னா 1:14தான். ஆனா கால் வினாடி, அரை வினாடிக்கெல்லாம் சண்டை போடாதீங்க. விசிலைக் கேட்டு விரல் அசையறதுக்கே மனுஷனுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். என்பிஏ மாதிரி நடுவர் இடுப்புல பெட்டி கட்டி, விசில் சத்தத்தை மைக் கேட்டுத் தானா நிறுத்தற ஏற்பாடு நம்மகிட்ட இல்ல. நடுவர் கண்ணால பாத்த துல்லியமான எண் இருந்தா ஒழிய அந்தச் சின்ன வித்தியாசத்தை விட்டுடுங்க.

போன் வீடியோ வேண்டாம். ரீப்ளே வேணும்னா ஆட்டத்துக்கு முன்னாடியே க்ரூ சீஃப் அந்தக் கருவியைப் பாத்து ஒப்புதல் குடுத்திருக்கணும். ரெண்டு அணிக்கும் ஒரே கோணம், ஒரே கேமரா. ஒரு பக்கத்து அப்பா எடுத்தது ஒரு பக்கத்துக்குத்தான் உதவும்.

மன்னை விசில்:
வீடியோ மாதிரியே இன்னொரு ஆபத்து, விழாக் கமிட்டி. கடைசி நிமிஷத்துல தலைவரோ நன்கொடையாளரோ மேசைக்கு வந்து "ஒரு மூணு செகண்டு குடுத்து முடிங்க"ம்பார். நல்ல மனசோடதான் சொல்வார். ஆனா நேரம் குடுக்கற அதிகாரம் க்ரூ சீஃப் ஒருத்தருக்குத்தான்.

1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்துல நடந்தது இதுதான். அமெரிக்கா 50-49, மீதி 3 வினாடி. சோவியத் அணி த்ரோ-இன் போட்டு, 1 வினாடி இருக்கும்போது ஆட்டம் நின்னுச்சு. டைம் அவுட் கேட்டோம்னு தகராறு. ஃபிபாவோட செக்ரட்டரி ஜெனரல் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலேர்ந்து இறங்கி வந்து 3 வினாடி குடுக்கச் சொன்னார். நடுவர் பட்டியல்ல அவர் இல்ல. கடிகாரத்தை 3க்கு மாத்தி முடிக்கறதுக்குள்ளயே பந்தைக் குடுத்துட்டாங்க, ஹார்ன் அடிச்சிடுச்சு. அமெரிக்கர்கள் கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க. மறுபடியும் 3 வினாடி, அலெக்சாண்டர் பெலோவ் கூடை போட்டார், 51-50. முறையீட்டை 3-2ன்னு தள்ளுபடி பண்ணாங்க. அமெரிக்க ஆட்டக்காரங்க வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்ல. அதுல நமக்கு ரெண்டு விஷயம் இருக்கு. அதிகாரம் இல்லாதவர் நேரம் சொல்லக் கூடாது. போர்டுல சரியான எண் வந்து, டைமர் கட்டை விரலைக் காட்டி, அதை நடுவர் தன் கண்ணால பாத்தப்புறம்தான் பந்து எறியறவர் கைக்குப் போகணும். இந்த ரெண்டாவதை நம்ம பக்கம் அவசரத்துல விட்டுடறாங்க.

முறையீட்டு வழியையும் உங்க அறிவிப்புத் தாள்ல எழுதிடுங்க. ஃபிபா முறைப்படி, நேரத் தப்பை நடுவர்கள் திருத்தாம விட்டு, அதனால அணிக்குப் பாதிப்புன்னா, ஆட்டம் முடிஞ்சு 15 நிமிஷத்துக்குள்ள கேப்டன் க்ரூ சீஃப்கிட்ட சொல்லி, ஸ்கோர்ஷீட்டுல அதுக்குன்னு இருக்கற இடத்துல கையெழுத்துப் போடணும். ஒரு மணி நேரத்துக்குள்ள காரணத்தை எழுத்துல குடுக்கணும். கட்டணத்தை நீங்க முடிவு பண்ணி முன்னாடியே அறிவிங்க. விசாரிக்கறதுக்கு, ஆடற அணிகளுக்குச் சம்பந்தமில்லாத மூணு பேர். டேபிள்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அம்பயர் (ரெண்டாவது நடுவர்) போட்டு, கடைசியாத்தான் க்ரூ சீஃப் போடணும். அதுக்கு முன்னாடி ஸ்கோர், ஃபவுல், நேரம் மூணையும் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. அந்தக் கையெழுத்து விழுந்தப்புறம் தப்பு தெரிஞ்சா மாத்த முடியாது, போட்டி நடத்தறவங்களுக்கு அறிக்கைதான் குடுக்க முடியும்.

ஸ்கோரருக்கு ஒரு வார்த்தை. நேரமோ ஸ்கோரோ தப்புன்னு பாத்த உடனே ஹார்ன் அடிக்காதீங்க. பந்து உயிரோட இருக்கும்போது அடிச்சா ஆட்டம் குலையும். முதல் டெட் பால் வரைக்கும் காத்திருந்து அடிங்க.

வெண்ணாற்றங்கரை:
கடைசியா ஒரு சந்தேகம். திருத்தினப்புறம் 0.2ன்னு வந்தா, த்ரோ-இன்ல பிடிச்சு ஷாட் போடலாமா? ஹார்னும் ஃபவுலும் சேந்து வந்தா?

குடந்தை டேபிள்:
0.2, 0.1 ரெண்டுலயும் பிடிச்சுப் போட்டா செல்லாது. காத்துலயே தட்டி விடணும், இல்ல நேரா டங்க் பண்ணணும். பிடிச்சு ஷாட் போடணும்னா 0.3 அல்லது அதுக்கு மேல வேணும். என்பிஏவுல 1990 ஜனவரியில ட்ரென்ட் டக்கர் 0.1 வினாடியில பந்தைப் பிடிச்சுத் திரும்பி மூணு புள்ளி ஷாட் போட்டு அது செல்லும்னு ஆனப்புறம்தான் அங்க அந்த 0.3 விதி வந்தது. கடிகாரம் லேட்டா ஓடத் தொடங்காம அது நடந்திருக்கவே முடியாது. அதனால திருத்தி 0.2 வச்சா, த்ரோ-இன்னுக்கு முன்னாடியே நடுவர் ரெண்டு அணிகிட்டயும் "தட்டினாத்தான் செல்லும்"னு சொல்லிடணும்.

ஃபவுல் ஹார்னோட சேந்தோ, அதுக்குக் கண நேரம் முன்னாடியோ நடந்திருந்தா ஃப்ரீ த்ரோ உண்டு. நேரம் முடிஞ்ச நிலையிலயே போடுவாங்க, ரீபவுண்டுக்கு யாரும் வரிசையில நிக்க வேண்டியதில்ல. ஷாட்டைப் பொறுத்தவரை, பந்து ஹார்னுக்கு முன்னாடி கையை விட்டுட்டா செல்லும், கையிலேயே இருந்தா செல்லாது. இதைப் பாக்க வேண்டியது எந்த நடுவர்னு ஆட்டத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வச்சுக்கணும். ரெண்டு பேரும் பந்தையே பாத்துக்கிட்டு இருந்தா கடிகாரத்தைப் பாக்க ஆள் இருக்காது.